வெறும் வட்டம்

அலுவலகத்தில் எனக்கு வட்டம் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி, "வட்டத்தைக் கூப்பிடுங்க, படம் மறுபடி தகராறு பண்ணுது" என்றுதான் எல்லாருக்கும் வாயில் வரும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், என் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டு என் எதிரில் சொல்லக் கூச்சப்படுவார்கள். உடம்புக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் பெயர் வந்தது வேலையால்.

வானிலை வரைபடத்தில் ஒவ்வொரு நிலையமும் ஒரு சின்ன வட்டம். இடது மேலே வெப்பம், இடது கீழே காற்றிலுள்ள ஈரத்தின் கணக்கு, வலது மேலே காற்றழுத்தம். வானத்தில் எவ்வளவு மேகமோ அவ்வளவுக்கு வட்டத்தின் உள்ளே கறுப்பு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வட்டத்திலிருந்து ஒரு குச்சி நீளும். குச்சியின் நுனியில் எத்தனை கோடு என்பதைப் பார்த்து வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம். படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு முகம். கோபமா, தூக்கமா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். தெரியாதவருக்கு, எறும்புப் புற்றைக் காலால் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

எந்த எண் எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக, எது இருக்கட்டும், எது போகட்டும் என்பதையெல்லாம் சாஃப்ட்வேரில் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பது என் வேலை. விவசாயத் துறைக்கு மழையும் ஈரமும் போதும். விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் கண் தெரியும் என்பதுதான் முதலில் வேண்டும். ஒருவர் மஞ்சள் தன் கண்ணுக்கு ஆகாது என்பார். இன்னொருவர் எல்லாமே மஞ்சளாக இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்பார். ஆளுக்கொரு பைத்தியம்; எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கிறவள் நான். பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு இதில் கர்வம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

போன வருஷம் துறைமுகத்திலிருந்து ஒரு படம் கேட்டார்கள். அளவெடுக்க நேரில் போனேன். கட்டுப்பாட்டு அறை மூன்றாவது மாடியில். கண்ணாடிச் சுவரெல்லாம் கைரேகை, மூலையில் ஒரு மின்கெட்டில், வரிசையாகத் திரைகள். வெளியே ஆறு கிரேன்கள். அறையின் பொறுப்பாளர் நல்ல மனிதர், குரல்தான் ஒலிபெருக்கி. நான் கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மளிகைக் கடைப் பட்டியல் மாதிரி? எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். கிரேனை நிறுத்தணுமா, வேணாமா?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கும் அது சொந்தக் கேள்வி, ஏனென்றால் நாலாம் நம்பர் கிரேனை ஓட்டுகிறவன் என் தம்பி. நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி இறக்குகிறான். கிரேனின் கை கடல் பக்கம் நீண்டிருக்கும்போது பெரிய காற்று பிடித்தால், அத்தனை பெரிய கிரேனும் தண்டவாளத்தில் தள்ளுவண்டி மாதிரி ஓடும். தடுக்க வேண்டுமானால் கையை மேலே தூக்கி, பூட்டுமிடத்துக்கு ஓட்டிவந்து, தரையோடு பூட்ட வேண்டும். ஆறையும் பூட்டி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கிரேன் உச்சியிலும் காற்றை அளக்கும் கருவி உண்டு. ஆனால் அது திருடன் வீட்டுக்குள் வந்தபிறகு குரைக்கிற நாய். தெருமுனையிலேயே குரைக்கிற நாய் ஒன்று வேண்டும். அது எங்களிடம் இருந்தது. கடலில் பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை, பாறைமேல் எங்கள் தானியங்கி நிலையம். அதற்குப் பெயரே பாறைதான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். மோசமான காற்றெல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

அவர் சொல்லச் சொல்ல நான் எடுத்தேன். வெப்பம் போனது, ஈரம் போனது, அழுத்தம், மேகம், குச்சி எல்லாம் போனது. வட்டத்துக்குள் ஒரே ஒரு எண், காற்றின் உச்ச வேகம், அவர்களுக்குப் பழக்கமான கிலோமீட்டர் கணக்கில். ஐம்பதுக்குக் கீழே பச்சை, எழுபது வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. வாசலில் நின்றால்கூடப் படிக்கலாம். நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவு நிலையத்தையும் வைத்திருந்தேன். "அது எங்க கடலே இல்லையேம்மா" என்றார். எடுத்துவிட்டேன். எண்ணுக்குக் கீழே, அது எத்தனை மணிக்கு அளந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தேன். "நேரம் எதுக்கு? சுவத்துல கடிகாரம் இருக்கே" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அதையும் எடுத்தேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தகவல் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பழசாகிவிட்டால் எண் மறைய வேண்டும். வெறும் வட்டம் மட்டும் நிற்க வேண்டும். வெறும் வட்டம் வந்தால் வேலை நிறுத்தம், எண் திரும்பும்வரை கிரேன்கள் பூட்டியிருக்க வேண்டும் என்று விதி எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுத் திரையின் ஓரமாக ஒட்டினார்கள். அந்த விதியை எழுதச் சொன்னதே நான்தான்.

நாலைந்து மாதம் நன்றாகப் போனது. பிறகு பாறை திக்க ஆரம்பித்தது. இருபது நிமிஷம் பேசாது, பிறகு பேசும். அரை மணி பேசாது, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி பேசும். பறவைகள் சோலார் தகட்டின்மேல் எச்சமிட்டு, பேட்டரி பாதிதான் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் போதும். ஆனால் பாறைக்குப் படகு வேண்டும், அமைதியான கடல் வேண்டும், இரண்டு கையெழுத்து வேண்டும். எழுதிப்போட்டேன். ஆறு வாரம் ஆகும் என்று பதில் வந்தது.

வீட்டில் தம்பி எரிந்து விழுந்தான்.

"அக்கா, உன் பாறைக்கு என்ன வியாதி? இன்னிக்கு மட்டும் மூணு தடவை. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, நாங்க ஆறு பேரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறோம், போலீஸ்கிட்ட மாட்டினவன் மாதிரி."

"கருவி பேசலைன்னா நிறுத்தணும்டா. அதுதான் விதி."

"விதியை எழுதினவ நீ. அனுபவிக்கிறவன் நான். உங்க அக்காதானே, உங்க அக்காதானேன்னு அத்தனை பேரும் என்னைத்தான் கேக்கறாங்க."

"ரெண்டு பேரும் சாப்பிடுங்க முதல்ல. கை காயுது" என்றாள் அம்மா.

"அந்த வெறும் வட்டத்தை எடுத்துடேன் அக்கா. உனக்கு அது ஒரு நிமிஷ வேலைதானே?"

ஒரு நிமிஷம்கூட இல்லை. பொறுப்பாளர் தினமும் போனில் கத்திக்கொண்டிருந்தார். என் படத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துறைமுகத்தின் படத்துக்கான அமைப்பைத் திறந்தேன். எத்தனை நிமிஷம் வரை பழைய தகவலைக் காட்டலாம் என்று கேட்கும் பெட்டியில் 15 என்று இருந்தது. அதை 180 ஆக்கி, சேமி என்பதைத் தட்டினேன். பாறை நடுவில் எவ்வளவு திக்கினாலும் கடைசியாகச் சொன்ன எண் மூன்று மணி நேரம் அப்படியே நிற்கும். தகட்டைக் கழுவியதும் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை எங்கும் எழுதிவைக்கவில்லை.

"சரி பண்ணிட்டேன் சார்" என்று பொறுப்பாளருக்குச் சொன்னேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கழுவ வேண்டியது தகட்டை. நான் கழுவியது திரையை.

அதன்பிறகு புகாரே இல்லை. புகார் இல்லாததால் படகுக்கும் அவசரம் இல்லாமல் போய், இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். துறைமுகத்துக்கு வந்துபோன வேறு இரண்டு துறைமுகத்துக்காரர்கள் அந்தத் திரையைப் பார்த்து ஆசைப்பட்டுத் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கோப்பை அப்படியே பிரதி எடுத்து, நிலையங்களின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவைத்தேன். கீழே வடிவமைப்பு என்று போட்டு என் பெயரையும் சேர்த்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்றேகால். பராமரிப்புக்காக ரேடாரை இரண்டு நாள் நிறுத்தியிருந்தார்கள். முன்னறிவிப்பு மேசையில் தும்மல் சார் இருந்தார். ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டினால் அவருக்குத் தும்மல் வந்துவிடும். கருவி பழுதானால் அவரை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் திரையில் நான் கைவைத்ததே இல்லை. விடமாட்டார். எறும்புப் புற்று முழுசாக அப்படியே இருக்கும்.

"வட்டம், இங்க வாயேன். தீவைப் பாரு" என்றார்.

பார்த்தேன். முந்தின படத்தில் தூங்கிக்கொண்டிருந்த தீவு முழித்துக்கொண்டிருந்தது. வெப்பம் எட்டு டிகிரி இறங்கியிருந்தது. அழுத்தம் ஒரே தாவாகத் தாவியிருந்தது. குச்சி எதிர்ப்பக்கம் திரும்பி, அதன் நுனியில் கோடுகளுக்குப் பதில் முக்கோணக் கொடி; தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் என்று அர்த்தம். உள்ளே முழுக் கறுப்பு.

"சூறைக்காற்று. நேரா நம்ம பக்கம்தான் வருது. முக்கால் மணி நேரம்கூட இல்லை" என்றார். பிறகு விரலைத் திரையில் நகர்த்தி, "நடுவுல பாறை இருக்கணுமே, அதைக் காணோம். ரெண்டு மணியோட போச்சு போல. பேட்டரி செத்துருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

துறைமுகத்துக்கு நான் வைத்த 180 நினைவுக்கு வந்தது.

என் இடத்துக்கு ஓடிவந்து துறைமுகத்தின் படத்தைத் திறந்தேன். பாறை இருந்தது. 22. நல்ல பச்சை. வாசலில் நின்றால்கூடப் படிக்கலாம். எண்பது நிமிஷத்துக்கு முந்தைய இருபத்திரண்டு. தம்பிக்கு அன்று ஷிப்ட் ஐந்து மணிவரை.

தும்மல் சார் எச்சரிக்கையை அடிக்க ஆரம்பித்திருந்தார். அதற்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும். இயக்குநர் மீட்டிங்கில், போன் அணைத்துவைத்திருந்தார். ஆள் அனுப்பிவிட்டு, "நீ துறைமுகத்துக்குப் பேசு" என்றார் என்னிடம்.

பேசினேன்.

"சார், தீவுல பெரிய காத்து. இந்தப் பக்கம்தான் வருது. கிரேனையெல்லாம் நிறுத்திடுங்க."

"எச்சரிக்கை வந்துடுச்சா?"

"வருது சார். கையெழுத்து ஆகணும்."

"அம்மா, கப்பல் நாலரைக்குக் கிளம்பணும். தண்ணி இறங்கிட்டா அப்புறம் நாளைக்குத்தான். இன்னும் இருபத்தாறு பெட்டி கிடக்கு. பாறை இருபத்திரண்டுன்னு சொல்லுது, நல்ல பச்சை. ஏன் பதறுறீங்க?"

"பாறை... பாறை சரியா வேலை செய்யலைன்னு நினைக்கிறேன் சார்."

"செய்யலைன்னா வெறும் வட்டம் வந்திருக்கணுமே? நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? இதோ, ஓரமா ஒட்டிக்கூட வெச்சிருக்கேன்."

அவர் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது: அந்த எண் பழசு சார், பழசானாலும் காட்டுற மாதிரி நான்தான் மாத்தி வெச்சேன். அவ்வளவுதான். ஐந்து விநாடி ஆகும். வாய் வரவில்லை. தம்பி நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான், என் நாக்கு என் மானத்துக்குக் காவல் நின்றுகொண்டிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"லைன்லயே இருங்க சார்" என்றேன். கை மவுஸுக்குப் போனது. அமைப்பைத் திறந்தேன், அந்தப் பெட்டி, 180-ஐ அழித்து 15, சேமி.

அந்தத் திரை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறைதான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதையும் வைத்தது நான்தான். போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். அங்கே கெட்டில் கொதிக்கிற சத்தம். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "நாலாம் நம்பர், அடுத்த வரிசையை எடுப்பா" என்று பொறுப்பாளர் வேறொரு கருவியில் சொன்னார். "சரி சார்" என்று கரகரப்பாக ஒரு குரல். என் தம்பியின் குரல்.

"அட சனியனே! பாறை போச்சு!" என்று பொறுப்பாளர் கத்தினார்.

"விதிப்படி நிறுத்தணும் சார்" என்றேன். குரல் யாருடையதோ போல இருந்தது.

"தெரியும், தெரியும். இந்த நேரத்துலதான் இதுக்கு வரணுமா..." அவர் திட்டிக்கொண்டே எதையோ அழுத்தினார். போன் வழியாகச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபத்தைந்து.

நாலாம் நம்பர் கடைசிக் கோடியில் நின்றதால் அதைத்தான் கடைசியாகப் பூட்டினார்கள். பூட்டும்போது மணி மூன்று நாற்பத்தொன்று. மூன்று நாற்பத்துமூன்றுக்குக் காற்று வந்தது. நூற்றுநாலு கிலோமீட்டர். கப்பலின் இரண்டு கயிறுகள் அறுந்தன. மேலடுக்கிலிருந்த காலிக் கன்டெய்னர்கள் பதினொன்று உருண்டு விழுந்தன. ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. கையெழுத்தான எச்சரிக்கை மூன்று நாற்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐந்து மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். துறைமுகத்திலிருந்து நன்றி சொல்லிப் பேசினார்களாம். "உங்க திரை சரியான நேரத்துல தானாவே வெறுமையாச்சாம். அந்த விதியை எழுதினது நீங்கதானாமே? தலைமை அலுவலகத்துக்கு உங்க பேரைப் போட்டு எழுதப்போறேன்" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் தும்மல் சார் நின்றிருந்தார். நான் 180-ஐ அழித்ததை அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்திருந்தார்.

"நான் ஒண்ணும் பார்க்கலைம்மா. தும்மும்போது கண்ணு மூடிக்கும்" என்றார்.

பெரிய மனசு. ஏற்றுக்கொள்ளத்தான் தோன்றியது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று சாஃப்ட்வேர் எழுதிவைக்கும்தான், ஆனால் அதைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறு தயாராக இருந்தது. நான் கிளறிவிட வேண்டியதுதான் பாக்கி.

வீட்டுக்குப் போனால் தம்பி அம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்மா. பாறை பாட்டுக்குப் படுத்துக்குச்சு, சங்கு ஊதிச்சு, நாங்க பூட்டினோம், காத்து வந்துச்சு. பூட்டு விழுந்து ரெண்டே நிமிஷம். அந்த வெறும் வட்டத்தைத் திட்டாத நாள் இல்லை நான். இன்னிக்கு அதுதான் என்னைத் தரையில இறக்கிச்சு." என்னைப் பார்த்ததும், "உட்காரு அக்கா" என்றான். அம்மா எனக்குத் தட்டு வைத்தாள். அவன் தன் தட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்து என் தட்டில் வைத்தான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நன்றி சொல்வான், வாயால் சொல்லமாட்டான்.

அவன் வைத்ததை என்னால் வாயில் போட முடியவில்லை.

"பாறை இன்னிக்கு மூணு இருபத்தஞ்சுக்குப் படுக்கலைடா" என்றேன். "ரெண்டு மணிக்கே செத்துப்போச்சு. பழைய எண் மறையாம நிக்கிற மாதிரி நான் மாத்தி வெச்சிருந்தேன், மூணு மாசமா. மறுபடி வெறும் வட்டமாக்கினதும் நான்தான். தானா ஒண்ணும் ஆகலை."

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ரெண்டு மணியிலிருந்தா?" என்றான்.

"ஆமா. எண்பது நிமிஷம்."

"ரெண்டரைக்கு மேல மேகம் கறுத்துச்சு. பாறை எப்படி இருக்கு சார்னு நான் கேட்டேன். பச்சைன்னாரு. பச்சைன்னதும் நான் வெளியே பார்க்கறதையே விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவன் சமாதானம் சொல்லவில்லை.

"ஏன் சொன்னே? நீ சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் படத்தை இன்னும் ரெண்டு துறைமுகம் வாங்கிட்டுப் போயிருக்கு. அங்க இன்னும் நூத்தியெண்பதுதான் இருக்கு. அங்கேயும் மேல எவனோ உட்கார்ந்திருப்பான். அவங்களுக்கு எழுதணும். எழுதினா எல்லாருக்கும் தெரியும். மத்தவங்க மூலமா நீ கேக்க வேணாம்னு நினைச்சேன்."

"வேலை போயிடும்."

"போகலாம்."

அவன் கையை நீட்டி, என் தட்டில் வைத்த பங்கை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான். அதைச் சாப்பிட்டு முடித்தான். அம்மா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

எழுந்திருக்கும்போதுதான் பேசினான். "அந்த வெறும் வட்டத்தை எடுன்னு கேட்டவன் நான். எழுதும்போது அதையும் எழுது."

"கேக்கறவங்க ஆயிரம் கேப்பாங்க. மாத்தினது நான்."

"எழுதுன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

இரண்டு துறைமுகத்துக்கும் இயக்குநருக்கும் அன்றே எழுதினேன். எந்தப் பெட்டி, எந்த எண், யார் மாற்றியது, ஏன் என்று எல்லாம். வேலை போகவில்லை. விசாரணை நடந்தது, கண்டனக் கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போக இருந்த பாராட்டுக்குப் பதிலாக அந்தக் கடிதத்தின் நகல் போனது. இப்போது நான் தனியாக எதையும் சேமிக்க முடியாது. இன்னொருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் மாற்றம் ஏறும். அந்த இன்னொருவர் தும்மல் சார். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தட்டுவார். என் பொறுமை போகும், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். பாறைக்குப் படகு மூன்றே நாளில் போனது. இரண்டு கையெழுத்தும் ஒரே மதியத்தில் கிடைத்தன.

துறைமுகத்துக்கு நேரில் போய்ப் பொறுப்பாளரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். "பழைய எண் சார்னு ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருந்தா, நான் அப்பவே நிறுத்தியிருப்பேனேம்மா. ரெண்டு நிமிஷம் என்னைக் காக்க வெச்சீங்களே" என்றார். அதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம்.

இப்போது அந்தத் திரையில் எண்ணுக்குக் கீழே அதன் வயது இருக்கிறது. பொடி எழுத்தில் இல்லை, எண்ணுக்குச் சமமான அளவில். தீவும் திரும்ப வந்துவிட்டது. பார்ப்பதற்குக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி என்னோடு பேசுகிறான். சண்டை போடுகிறான், அம்மாவிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்கிறான், எல்லாம் பழையபடிதான். தட்டில் மட்டும் எதுவும் எடுத்து வைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கிரேன் அடியில் நின்று எனக்குப் போன் செய்கிறான். இன்று காலையும் செய்தான்.

"பாறை எத்தனை நிமிஷம்?"

"திரையிலேயே போட்டிருக்கேனேடா. எவ்வளவு பெரிசா போட்டிருக்கேன்."

"பார்த்தேன். நீ சொல்லு."

தும்மல் சாரின் திரைக்கு எழுந்து போய், எறும்புப் புற்றில் பாறையைத் தேடிப் பார்த்தேன்.

"நாலு நிமிஷம். காத்து பதினெட்டு."

"தீவு?"

"தூங்குது."

"சரி, ஏறுறேன்" என்றான்.